திட்டினால் தலை குனியும் எந்திரம்!

அதட்டினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். செல்லமாகப் பாராட்டினால் முகம் மலரும். இத்தனைக்கும், பேசிய பேச்சில் ஒரு சொல்லுக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியாது!

உயிருள்ள பிராணி அல்ல அது. வெறும் எந்திரத் தலை. கழுத்துக்குக் கீழே உடம்பு கிடையாது. பெரிய நீலக் கண்கள், அசையும் புருவங்கள், சிவப்பு உதடு, மடங்கி நிமிரும் காது. பெயர் கிஸ்மெட். விதியை இந்தியில் "கிஸ்மத்" என்கிறார்களே, அதே சொல்தான்.

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிந்தியா பிரசீல் என்ற பெண் ஆராய்ச்சியாளர் 1990-களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினார்.

குரலே பாடம்

கைக்குழந்தையிடம் பேசும் தாய் எந்த மொழிக்காரியாக இருந்தாலும், பாராட்டும்போது குரல் மேலே ஏறி இறங்கும். அதட்டும்போது வெட்டு வெட்டாக விழும். தேற்றும்போது மெதுவாக இழையும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கம்ப்யூட்டரால் அளந்து, பாராட்டா, அதட்டலா, கூப்பிடுவதா, தேற்றுவதா என்று பிரித்தறிய கிஸ்மெட்டைப் பழக்கினார்கள்.

ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷியன், இந்தோனேசியன் என்று பல மொழிப் பெண்கள் அதனிடம் பேசிப் பார்த்தார்கள். பெரும்பாலும் சரியாகவே பிடித்துக்கொண்டது.

பாஷை தெரியாத ஊரில் ரெயிலை விட்டு இறங்கி, முதல் மாதம் முழுவதும் மேஸ்திரியின் குரலை வைத்தே அவர் மனதை அறிந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது.

மனிதரும் பழகினார்

யாராவது முகத்துக்கு மிக அருகில் வந்தால் கிஸ்மெட் பின்னால் சாயும். வந்தவரும் தானாகத் தள்ளி நிற்பார். அது மழலை பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசவும் பழகிக்கொண்டார்கள். சோதனைக்காகத் திட்டிய பெண்களில் சிலர், அது வாடியதைப் பார்த்து மனம் கேட்காமல் மன்னிப்புக் கேட்டார்கள்! எந்திரம் என்று தெரிந்தும்தான்.

ஒரு குறை உண்டு. தேன் குரலில் திட்டினால், பாராட்டு என்றே நினைத்து மகிழ்ந்துபோகும்.

பிறகு வந்த எந்திரங்களுக்குச் சொல் பஞ்சம் இல்லை. 2022-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஓர் எந்திரத்திடம், "குளிர்பானம் கொட்டிவிட்டது, உதவ முடியுமா?" என்று கேட்டனர். துடைக்கும் ஸ்பாஞ்சை அது எடுத்து வந்தது. ஸ்பாஞ்சு என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு எந்த வேலை பொருந்தும் என்று ஒரு மதிப்பெண். நிற்கும் இடத்தில் எது கைகூடும் என்று இன்னொரு மதிப்பெண். இரண்டையும் பெருக்கி முடிவு செய்தது.

கேட்டவர் பதறினாரா, சிரித்தாரா என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.