அடுக்களையில் அடங்கிய குரல்

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். மலையில் வாழ்வோர் என்பதே அதன் பொருள். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழே. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. ஆயினும், அவர்தம் வழக்குச் சொற்கள் சில சமவெளித் தமிழருக்கே எளிதில் புரிவதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து கீழிறங்கியதுமே தயங்கும் நா, பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரு போன்ற வேற்றுமொழி நகரில் வீட்டுவேலைக்கு அமர்ந்தால் என்னாகும்?

கட்டளையும் கோரிக்கையும்

புது வீட்டில் பணிப்பெண் முதலில் கற்பவை கட்டளைச் சொற்களே. கன்னடத்தில் 'பா' என்றால் வா. 'பேக' என்றால் விரைவாக. 'பாத்ரெ' என்றால் பாத்திரம். சில வாரங்களில் இவை பழகிவிடும். ஆனால் ஊதியம், ஓய்வு, நோய் ஆகியவற்றைப் பற்றிப் பேச அவளுக்கு எவரும் கற்பிப்பதில்லை. இத்தனைக்கும் கன்னடத்தில் சம்பளம் 'சம்பள' எனப்படும். வலியோ 'நோவு' என்றே வழங்கும். ஆக, அவளுக்கு இல்லாதது சொல் அன்று, கேட்கும் துணிவே. வீட்டாரோ அவளது மௌனத்தை மனநிறைவு என்று எண்ணிவிடுகின்றனர்.

இம்மௌனத்தைக் கலைக்க முன்வந்தவர்களுள் ஒருவர், பெல்ஜிய நாட்டுத் துறவியான அருட்சகோதரி ஜீன் டெவோஸ். அவர் 1985இல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். 2011 ஜூன் 16 அன்று பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு 189ஆம் உடன்படிக்கையை ஏற்றது. பணியின் நிபந்தனைகளை, பணியாளர் எளிதில் புரிந்துகொள்ளும் முறையில் அறிவிக்க வேண்டும் என அது கூறுகிறது. இந்தியா அதனை ஆதரித்து வாக்களித்தது. எனினும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? நம் இல்லத்தில் வேலை செய்பவள் ஒடிசாவினளாயினும் ஜார்க்கண்டினளாயினும், அவள் மொழி அறிந்த ஒருவரை அழைத்து, சம்பளம், வேலைநேரம், வார விடுமுறை ஆகியவற்றை முதல் நாளே விளக்குவோம். அவற்றை எழுதியும் கொடுப்போம். வீட்டாருடன் தொலைபேசியில் பேச அவளுக்கு நேரம் ஒதுக்குவோம். அவள் மொழியில் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்கும் அளவுக்கேனும் நாமும் கற்போம். அவ்வொரு கேள்வியே, நோயை மறைத்து உழைக்கும் ஒருத்தியை உரிய நேரத்தில் மருத்துவரிடம் சேர்க்கக்கூடும்.