பரங்கிக்காய்: வாட்டலாமா, வேகவைக்கலாமா?

மார்கழிக் கோலங்களில் பரங்கிப்பூ ஓய்ந்து பொங்கல் நெருங்கினால், குடவாசல் பகுதி வீடுகளில் பரங்கிக்காய்ச் சமையல்தான். விரற்கடைக் கனத்தில் நறுக்கி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவி, இரும்புத் தோசைக்கல்லில் மூடிச் சிறுதீயில் இருபுறமும் வாட்டுங்கள். வெல்லம் வேண்டாம்; காயின் இனிப்பே போதும். சிறிது எண்ணெய் இருந்தால்தான் அதிலுள்ள பீட்டா கரோட்டீன் உடலில் நன்கு சேரும்.

ஆயினும், சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களுக்கு இம்முறை ஏற்றதன்று. 100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. வாட்டும்போது நீர் வற்றுமேயன்றிப் பொட்டாசியம் வெளியேறாது. அவர்களுக்குச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். வீணாகிறதே என்று அதைக் குழம்பில் சேர்ப்பது நம் வீட்டு வழக்கம். இங்கு அது கூடாது. அப்போதும் எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.