பொத்தானும் படமும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில், பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, பழைய கட்டடமொன்றின் மேற்புறத்தில் ‘மேத்தன் மணி’ என்னும் கடிகாரம் அமைந்திருக்கிறது. அதில் தாடியுடன் கூடிய ஒரு மனித முகமும் அதன் இரு பக்கங்களிலும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் உண்டு. மணி அடிக்கும்பொழுது அம்முகம் வாயைத் திறக்க, கடாக்கள் அதன் கன்னங்களில் வந்து முட்டும்படி 19-ஆம் நூற்றாண்டில் அதனைச் செய்துவைத்தனர். ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் அரிது. சிறிய டிஜிட்டல் காமிராவுடன் அண்ணாந்து காத்திருப்பவர், கடாக்கள் முட்டும் கணத்திலேயே பொத்தானை அழுத்துகிறார். படத்தில் தெரிவதோ மூடிய வாயும் ஒதுங்கி நிற்கும் கடாக்களுமே. குற்றம் கையினுடையதா, கருவியினுடையதா?

பெரும்பங்கு கருவியினுடையதே. ஆங்கிலத்தில் ‘ஷட்டர் லாக்’ எனப்படும் இதனைச் ‘சொடுக்குத் தாமதம்’ என்று நாம் வழங்கலாம்.

1960-களில் நம் நாட்டில் புழங்கிய ‘ஆக்பா கிளிக்’ போன்ற எளிய பிலிம் காமிராக்களில் இந்தத் தொல்லை இல்லை. விரல் அழுத்தியதும் வில்சுருள் விடுபட்டு ஷட்டர் திறந்து மூடும், அவ்வளவே. தூரத்தையோ வெளிச்சத்தையோ ஆராயும் பொறுப்பு அக்கருவிக்குக் கிடையாது. படம் மங்கலாக அமையலாம். ஆனால் கணம் தப்புவதில்லை.

டிஜிட்டல் காமிராவிலோ அழுத்தம் என்பது ஒரு விண்ணப்பமே. அதன்மேல் பல வேலைகள் நடந்தேறிய பின்னர்தான் படம் பிடிக்கப்படும். அவற்றுள் நீண்டது குவியத்தைத் தேடும் வேலை. சிறு காமிரா லென்ஸைச் சற்றே நகர்த்தி, பிம்பத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறதா என்று பார்க்கிறது. கூடினால் மேலும் நகர்த்துகிறது. வேறுபாடு குறையத் தொடங்கிய பின்னரே உச்சத்தைக் கடந்துவிட்டோம் என்பது அதற்குத் தெரியும், உடனே பின்வாங்குகிறது. இருட்டில் வீட்டு எண்ணைத் தேடுபவர் இரண்டு வீடு தாண்டிய பின் திரும்பி வருவதை இதற்கு ஒப்பிடலாம். வெளிச்சம் குறையக் குறைய இந்த அலைச்சல் கூடும். பிறகு ஒளியின் அளவும் நிறத்தின் தன்மையும் கணிக்கப்படுகின்றன. கண்கள் சிவப்பாக விழாதிருக்க மின்னொளி முன்கூட்டியே சிமிட்டுமானால், அதற்கும் நேரம் செல்லும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்பனையான சிறு காமிராக்கள் பலவற்றில் இவையெல்லாம் சேர்ந்து அரை விநாடி முதல் ஒரு விநாடிக்கு மேலும் பிடித்தன. அரை விநாடிதானே என்று எண்ணலாகாது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் கடந்துவிடுவார். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோயில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இந்நகருக்கு எழுந்தருளும் மாலையில், தெருவோரம் நிற்பவருக்கு அந்த 70 சென்டிமீட்டரே போதும்: தெய்வத் திருமுகம் யாரோ ஒருவரின் குடைக்குப் பின்னால் மறைந்திருக்கும். தொலைவில், வடக்கே ஏதோ ஒரு நகரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டிய படம் அது. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர்களோ படம் எத்தனை லட்சம் புள்ளிகளால் ஆனது என்பதைச் சொல்லி விற்றார்களேயன்றி, இந்தத் தாமதத்தைப் பற்றி வாய் திறந்தவர் சிலரே.

பிடித்த படத்தை எழுதி வைப்பது வேறொரு தாமதம். அது அடுத்த படத்தையே தடுக்கும். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது!

சிறு காமிராவை வைத்திருப்போர் அறிய வேண்டிய உபாயம் ஒன்று உண்டு. பொத்தானைப் பாதியளவு அழுத்தி நிறுத்தினால், குவியமும் ஒளியளவும் அப்போதே கணிக்கப்பட்டு நிலைபெறும். கணம் வந்ததும் மீதிப் பாதியை அழுத்த, படம் அநேகமாக உடனே பதியும். கடிகாரம் நகர்ந்துவிடப் போவதில்லை. ஆதலால் மணி அடிப்பதற்கு முன்பே விரலை அவ்வாறு நிறுத்திக் காத்திருக்கலாம். கண்டதைக் கண்டு விரல் அசைவதற்கே ஏறத்தாழ கால் விநாடி செல்கிறது என்பதால், கடாக்கள் அசையத் தொடங்கும்போதே அழுத்துவது நலம். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பெரிய காமிராக்களில் லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒரே நோக்கில் கணிக்கும் தனி உறுப்பு உண்டு. அவர்கள் வெற்றிக்கு அதுவும் ஒரு காரணம்.

கைப்பேசியின் வழி விசித்திரமானது. 2011-இல் வெளிவந்த ‘காலக்சி நெக்சஸ்’ முதலிய கைப்பேசிகள் தாமதமற்ற படத்தைத் தங்கள் சிறப்பாகப் பறைசாற்றின. இவ்வகைக் கைப்பேசியில், காமிராவைத் திறந்தது முதலே படங்கள் ஓயாமல் பிடிக்கப்பட்டு நினைவகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். பழையது அழியப் புதியது சேரும். நாம் தொட்டதும், அந்தக் கணத்துக்குரிய படம் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அழுத்திய பின் பிடித்த படமன்று, முன்னரே பிடித்து வைத்திருந்த படம்! எனினும் இரவில் இவ்வித்தை முழுமையாகப் பலிப்பதில்லை. ஒளி போதாதபோது கைப்பேசி பல படங்களைத் தொடர்ந்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. எனவே விளக்கொளியில் கொலுவின் முன் பாட்டியைப் படமெடுப்போர், ஓசை கேட்டதும் கையைத் தாழ்த்தாமல், திரையில் படம் வந்து நிற்கும்வரை அசையாதிருக்க வேண்டும், பாட்டியும்தான்.