பியானோ பிளாக்கும் பனியன் துணியும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

இப்போது வருகிற கார்களில் கியர் லீவரைச் சுற்றியும் டச் ஸ்கிரீனைச் சுற்றியும் முகம் பார்க்கிற மாதிரி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அதற்குப் 'பியானோ பிளாக்' என்று பெயர். பியானோ வாத்தியத்தின் பூச்சு போலப் பளபளப்பதால் வந்த பெயர். ஷோரூமில் ராஜா மாதிரி இருக்கும். ஆறு மாதம் கழித்து வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை பின்னிய மாதிரி கீறல்!

எங்க அப்பா கடலூரில் ஆக்டிங் டிரைவர். வண்டி ஒருத்தருடையது, ஓட்டுவது மட்டும் அப்பா. ஒருமுறை சிதம்பரம் போய் வந்து சாவியைக் கொடுத்தபோது, ஓனர் அந்தப் பட்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். "உங்க படிப்புல இதுக்கு மருந்து இல்லையாப்பா?" என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்! மருந்து நம் மெட்டலர்ஜி லேபிலேயே இருக்கிறது.

முதலில் நோய் எப்படி வருகிறது? அப்பா வண்டியை அழுக்காக விட்டதில்லை. துடைத்துத் துடைத்துத்தான் கீறலே வந்தது! தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. நம் விரல் நகம் சுமார் 2.5. பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய நகத்தின் பக்கம்தான் நிற்கும், குவார்ட்ஸ் பக்கம் வராது. நடராஜர் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் கையில் மிஞ்சிய விபூதியையும் டாஷ்போர்டில்தான் தட்டுவார்கள். சாணச் சாம்பலில் சிலிக்கா உண்டு. சாம்பலால் பாத்திரம் துலக்கினால் பளிச்சென்று ஆவது சும்மாவா? இந்தத் தூசியின் மேல் காய்ந்த பனியன் துணியைப் போட்டு இழுத்தால், துணியே உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது என்றால், வழுவழுப்பான கறுப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், மிச்சத்தைக் கண்ணாடிபோல் ஒரே திசையில் அனுப்பும். கீறலின் ஓரம் மட்டும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இருட்டில் தீக்குச்சி கிழித்த கதைதான். வெளிர் நிறப் பட்டையிலும் அதே கீறல் இருக்கும், கண்ணுக்குப் படாது.

இப்போது லேபுக்கு வருவோம். ஸ்பெசிமனை 1/0, 2/0, 3/0, 4/0 எமரித் தாள்களில் வரிசையாகத் தேய்க்கிறோம். ஒவ்வொரு தாளுக்கும் 90 டிகிரி திருப்பி, பழைய கோடு மறையும்வரை தேய்த்து, கடைசியில் வெல்வெட் துணியில் அலுமினாப் பொடி. அங்கே கீறலை யாரும் அடைக்கவில்லை. பெரிய கோட்டை அழித்துச் சின்னக் கோடு போடுகிறோம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கோடு அதைவிட நுண்ணியதாகிவிட்டால் மேற்பரப்பு மறுபடி கண்ணாடி!

காருக்கும் இதே வழிதான். ஆனால் எமரித் தாள் வேண்டாம், கடைசிப் படி மட்டும் போதும். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், அதை விட்டுவிடுங்கள். மாட்டாவிட்டால், மெல்லிய பிரஷால் தூசியைத் தள்ளி, ஷாம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரை நேராகப் பட்டைமேல் தெளித்தால் சுவிட்சுக்குள் இறங்கும், ஜாக்கிரதை. சுவிட்ச் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக்குக்கான மிக நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷை மிளகு அளவு எடுத்து, ஒரு மூலையில் சோதித்துவிட்டு, கையாலேயே லேசாகத் தேய்க்கவும். பெயின்ட் ஷாப் ரப்பிங் காம்பவுண்ட் இதற்கு முரடு. புகை படிந்த மாதிரி ஆக்கிவிடும். சில கார்களில் பளபளப்பே மேலே அடித்த மெல்லிய வார்னிஷ் படலம்தான். அதனால் துணியில் கறுப்பு ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

டிரில் மெஷினில் பஃப் மாட்டும் ஆசை நம்ம பசங்களுக்கு வரும். வேண்டாம்ப்பா! ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், உராய்வுச் சூடு அதற்குப் போதும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் அதைக் கரைத்தே விடும். பட்டை அக்ரிலிக்காக இருந்தால் சானிடைசரில் உள்ள ஆல்கஹாலே மயிரிழை வெடிப்பு உண்டாக்கலாம். கொரோனாக் காலத்தில் எத்தனை கார்களை அதால் துடைத்தார்களோ! டாஷ்போர்டு பாலிஷ் எண்ணெய் கீறலைக் கொஞ்ச நாள் மறைக்கும், அப்புறம் தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

அப்பா ஓட்டும் வண்டியில் இந்த முறையில் மெல்லிய கீறல்கள் போய்விட்டன. கியர் பக்கத்தில் சாவி இழுத்த ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அது நகம் மாட்டும் கோடு. இப்போது சவாரி ஏறும் முன்பே ஓனரை நிற்கவைத்து, டார்ச் அடித்து அந்தக் கோட்டைக் காட்டிவிட்டுத்தான் அப்பா சாவி வாங்குகிறார். கூடவே ஈரத் துணி ஒன்று, உறைக்குள். அந்தத் துணியை மட்டும் மற்றத் துணிகளோடு போடாமல், அம்மா தனியாக அலசி உதறிக் காயப்போடுகிறார்.