கூண்டா, வளையா?

ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். முதல் இரவே அது கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. ஏன் தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் வாழும் செந்நாய், குட்டி போடுவதற்குப் பாறை இடுக்கையோ மண் வளையையோ நாடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த நாயும் அப்படித்தான். வைக்கோற்போரின் ஓரத்தில் குழி பறிக்கும் சினை நாயை நீங்கள் பார்த்திருக்கலாம். குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ 2 வாரம் ஆகும். அதுவரை தாயின் கதகதப்பே அதன் உலகம். கழிவையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். சுமார் 3 வாரத்தில் குட்டி படுக்கையை விட்டு விலகிப் போய்ச் சிறுநீர் கழிக்கத் தொடங்குகிறது. கூண்டுப் பழக்கத்துக்கு இந்த இயல்பே அடிப்படை.

நாய் நிற்கவும் திரும்பவும் இடமுள்ள கூண்டில் பழந்துணி விரித்து, உள்ளே உணவு வையுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். தானாக நுழைந்து பழகிய பின் சில நிமிடங்கள் மட்டும் மூடிப் பாருங்கள். குட்டி உண்டதும், உறங்கி எழுந்ததும் வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

ஆனால் ஒன்று: செந்நாய்க்கு வளை என்பது குட்டி வளர்க்கும் காலத்துக்கு மட்டுமே. ஓடி வேட்டையாடப் பிறந்த ராஜபாளையம் நாயை நாள் முழுதும் அடைத்து வைப்பது கொடுமை.

கூப்பிட்டால் குட்டி வரவில்லையா? பிடிவாதம் என்று கூண்டில் தள்ளாதீர்கள். இந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாமற் போவதே காரணம். குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், கைச்சைகையால் பழக்குங்கள்.

தண்டனைக்குப் பயன்படும் கூண்டு சிறை. தானே தேடிப் போய்ப் படுக்கும் கூண்டுதான் வளை.