ஊரில் பின்னணி... கடல் தாண்டினால் முன்னணி! ஸ்ரீரங்கத்து நாதஸ்வரமும் கலிஃபோர்னியா சர்ஃப் கிட்டாரும்

கர்னாடக சங்கீத வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் சரளி வரிசை எந்த ராகம் தெரியுமா? மாயாமாளவகௌளை. ஸ்ரீரங்கத்தில் பாட்டு கற்கும் குழந்தைக்கும் அதுதான், சிங்கப்பூரில் கற்கும் குழந்தைக்கும் அதுதான்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். போனில் யூடியூபைத் திறந்து, டிக் டேல் வாசித்த 'மிசிர்லூ' என்ற கிட்டார் இசையைக் கேளுங்கள். 1962-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வெளியானது. வேகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு சுரங்களை மட்டும் கவனித்தால், பழகிய வாசனை அடிக்கும். ஆம், ஏறக்குறைய நம் மாயாமாளவகௌளையின் அதே சுர வரிசை!

நம் ஊரிலிருந்து யாரும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கிரேக்கம், துருக்கி, அரபு நாடுகள் சூழ்ந்த மத்தியதரைக் கடல் பகுதியில் பல காலமாகப் பாடப்பட்ட மெட்டு அது. டிக் டேலின் அப்பா வழிக் குடும்பம் லெபனான் நாட்டைச் சேர்ந்தது. சிறு வயதில் வீட்டில் கேட்ட அரபு இசையை மின் கிட்டாரில் ஏற்றி, மின்னல் வேகத்தில் வாசித்தார் அவர். சர்ஃப் இசை என்றாலே இன்றும் உலகம் முதலில் நினைப்பது இந்த மெட்டைத்தான்.

சர்ஃப் இசை என்றால் என்ன?

அலைச்சறுக்குப் பலகையில் ஏறி கடல் அலைமேல் சறுக்கும் விளையாட்டுதான் சர்ஃபிங். தமிழ்நாட்டிலும் இப்போது பரிச்சயமாகிவிட்டது. சென்னையை அடுத்த கோவளத்தில் 2013-ல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவில், போட்டியோடு இசை மேடையும் இருந்தது.

1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டில் பைத்தியமாக இருந்த இளைஞர்களுக்காகப் பிறந்ததுதான் சர்ஃப் இசை. பகலில் கடலில் சறுக்கியவர்கள் மாலையில் நடன அரங்கில் கூடுவார்கள். பல்போவா என்ற இடத்திலிருந்த பெரிய அரங்கில் டிக் டேல் வாசித்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. அலை மேலே எழும்பி உடைந்து விழுவதைக் கிட்டாரில் கேட்கவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அவர் கேட்ட சத்தத்தை அந்தக் காலத்து ஒலிபெருக்கிகள் தாங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. கடைசியில், கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் அவருக்காகவே பலமான ஒலிபெருக்கியை உருவாக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சர்ஃப் இசையின் இன்னொரு அடையாளம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அதிரும் எதிரொலி. சுருள் கம்பி வைத்த ஒரு பெட்டிதான் அந்த மாயத்தைச் செய்கிறது. கல் மண்டபமும் நீண்ட பிராகாரமும் உள்ள கோயிலில் நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு அந்த எதிரொலி புதிதல்ல. அங்கே பெட்டியே தேவையில்லை!

ஆரம்பகால சர்ஃப் இசையில் பெரும்பாலும் பாட்டு வரிகள் கிடையாது, கருவிகள் மட்டும்தான். சொல் இல்லாததால் அதைக் கேட்க மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடல் கடந்து போக அந்த இசைக்கு உதவியது அதுதான்.

கைவிட்ட ஊர், கைகொடுத்த நாடு

1964-ல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் கால் வைத்ததும் காட்சி மாறியது. இளைஞர்களின் காது அந்தப் பக்கம் திரும்பியது. சர்ஃப் குழுக்கள் சொந்த ஊரிலேயே பழைய சரக்காகிப்போயின.

ஆனால் ஜப்பானில் கதையே வேறு. கருவி இசைக்குப் பெயர்போன அமெரிக்கக் குழுவான 'தி வென்ச்சர்ஸ்' 1965-ல் அங்கே சுற்றுப்பயணம் செய்தபோது, நாடே மின் கிட்டார் மோகத்தில் மூழ்கியது. 'எலெகி' என்று அந்த மோகத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு குழு தொடங்கினார்கள். தகேஷி தெராவுச்சி என்ற ஜப்பானியக் கலைஞர் தங்கள் நாட்டுப்புற மெட்டுகளையே அந்தப் பாணியில் வாசித்துப் புகழ்பெற்றார். அமெரிக்காவில் மோகம் வடிந்த பிறகும் வென்ச்சர்ஸ் குழு பல பத்தாண்டுகள் ஜப்பான் ஊர் ஊராகப் போய் வாசித்தது. அரங்கில் தாத்தா, அப்பா, பேரன் என மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருக்கும்.

டிக் டேலைச் சொந்த நாடு மறுபடி நினைத்துக்கொண்டது 1994-ல். 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் தொடக்கத்தில் 'மிசிர்லூ' ஒலித்ததும் புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. ஆனாலும் நிம்மதியான ஓய்வு அவருக்கு வாய்க்கவில்லை. மருத்துவச் செலவைச் சமாளிக்கவே முதுமையிலும் மேடை ஏறவேண்டியிருக்கிறது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2019 மார்ச்சில், 81 வயதில் காலமானார். கைதட்டல் வேறு, வயிற்றுப்பாடு வேறு என்பது எல்லா ஊர்க் கலைஞர்களுக்கும் பொதுதான்போல.

ஸ்ரீரங்கத்துக்கு வந்த நாதஸ்வரம்

சொல் இல்லை, சத்தம் உண்டு, திறந்த வெளிக்காகவே பிறந்தது, தாள வாத்தியத்தோடு மல்லுக்கு நிற்கும். இந்த இலக்கணம் அப்படியே பொருந்தும் வாத்தியம் நம்மிடமும் இருக்கிறது, நாதஸ்வரம். அதற்குச் சொந்த ஊரிலும் வெளியூரிலும் கிடைத்த மரியாதையைப் பார்க்க, ஷேக் சின்ன மௌலானாவின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

ஆந்திராவில் ஓங்கோல் அருகே உள்ள கரவதி கிராமத்தில் 1924-ல் பிறந்தவர் சின்ன மௌலானா. தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்துவந்த இஸ்லாமியக் குடும்பம். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மயங்கி, தஞ்சாவூர் பாணியைக் கற்கத் தமிழ்நாட்டுக்கு வந்தார். நாச்சியார்கோவில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பிறகு அரங்கநாதர் குடிகொண்ட ஸ்ரீரங்கத்தையே தன் ஊராக்கிக்கொண்டார்.

1977-ல் பத்மஸ்ரீ, 1998-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி என விருதுகள் தேடிவந்தன. அமெரிக்கா, ஜெர்மனி உள்ளிட்ட பல நாடுகளில் அவர் நாதஸ்வரம் ஒலித்தது. அவர் வாசித்த இசைத்தட்டை ஜெர்மன் நிறுவனம் ஒன்று வெளியிட்டது. அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க 1982-ல் ஸ்ரீரங்கத்தில் 'சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம்' தொடங்கினார். 1999 ஏப்ரலில் மறைந்தார்.

அவர் போட்ட விதை வீண்போகவில்லை. அவரது பேரன்கள் காசிம் - பாபு சகோதரர்கள் அதே பாணியைத் தொடர்கிறார்கள். அவரிடம் பயின்ற ஷேக் மெகபூப் சுபானி - காலீஷாபி மெகபூப் தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆண்களே நிறைந்திருக்கும் நாதஸ்வர உலகில், கணவரோடு மேடையில் சரிசமமாக அமர்ந்து வாசிக்கும் பெண் கலைஞர் காலீஷாபி. கரவதியில் தொடங்கிய குடும்பக் கலையை வாங்கி, உலகத்துக்குக் கொடுக்கும் ஊராக மாறியிருக்கிறது ஸ்ரீரங்கம்.

அங்கே எப்படிக் கேட்கிறார்கள்?

வெளிநாட்டு மேடை என்றால் இரண்டு வகை. ஒன்று, டிக்கெட் எடுத்து உள்ளே வரும் அரங்கம். வந்தவர்களில் பலருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. தாளம் போடவும் தெரியாது. ஆனால் அங்கே பந்தி கிடையாது, முகூர்த்த நேரம் கிடையாது, மாப்பிள்ளை அழைப்பு கிடையாது. வந்திருப்பது கேட்பதற்கு மட்டும்தான். ஆலாபனை தொடங்கினால் முடியும்வரை பேச்சு இருக்காது. முடிந்த பிறகுதான் கைதட்டல். நாதஸ்வரக் கலைஞருக்கு இதைவிடப் பெரிய சன்மானம் வேண்டுமா?

இரண்டாவது வகை, கடல் கடந்த நம் சொந்தங்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்கள் தமிழகத்து மேளக்காரர்களுக்கு ஒருகாலத்தில் தாய்வீடு மாதிரி. அங்கிருந்து இங்கே வந்து பெயர் நாட்டியவர் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி. போரால் ஈழத்தமிழர்கள் போன இடமெல்லாம் கோயிலும் போனது; கோயிலோடு மேளமும் போனது. ஜெர்மனியின் ஹாம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேரோட்டத்தில் நாதஸ்வரம், தவில் முழங்க அம்மன் வீதி உலா வரும்போது, தமிழர்களோடு ஜெர்மானியர்களும் கூடி நின்று பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் இன்னும் சுவாரஸ்யம். தைப்பூச ஊர்வலப் பாதையில் நேரடி இசைக்கு 1973 முதல் தடை இருந்தது. பக்தர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016-ல் பாதையில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. பதிவு செய்த பாட்டைப் போட்டுக்கொள்வதோடு அவர்கள் திருப்திப்பட்டிருக்கலாம். நேரில் ஒலிக்கும் மேளம்தான் வேண்டும் என்று காத்திருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

இங்கே என்ன நடக்கிறது?

'உள்ளூர் மாடு விலைபோகாது' என்று சும்மாவா சொன்னார்கள்! நம் கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரம் எப்போது கவனிக்கப்படுகிறது? தாலி கட்டும் நேரத்தில், ஐயர் விரலை உயர்த்தி 'கெட்டிமேளம்' என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில். மற்ற நேரமெல்லாம் கலைஞர் ஒரு மூலையில் அமர்ந்து கல்யாணியோ காம்போதியோ வாசித்துக்கொண்டிருப்பார். எதிரே நாற்காலிகள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு செண்டை மேளம், டி.ஜே. எனப் புதுப் போட்டிகள். பல கோயில்களில் பூஜை நேரத்தில் ஸ்விட்சைத் தட்டினால் தானாக அடிக்கும் மின்சார மேளம் வந்துவிட்டது.

ஒரு நாதஸ்வரம் உருவாவது அவ்வளவு எளிதல்ல. தஞ்சை மாவட்டம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி, நாணலைப் பதப்படுத்திச் செய்வது. வாங்க ஆள் இருந்தால்தான் செய்ய ஆள் இருப்பார்கள். வாசிப்பவர் குறைந்தால் மரம் கடைபவர், சீவாளி கட்டுபவர், தவிலுக்குத் தோல் மூட்டுபவர் என மொத்தச் சங்கிலியும் அறுந்துபோகும்.

வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் ரசிக்கத் தெரியும் என்று இதற்கு அர்த்தமா? நிச்சயம் இல்லை. ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தபோது, திருவிழா மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து விடிய விடியக் கேட்டவர்கள் யார்? நம் தாத்தா, பாட்டிகள்தான். 'மிசிர்லூ' வெளியான அதே 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. அதில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் போட்டிபோட்ட பாடலைக் கொண்டாடி, பட்டிதொட்டியெல்லாம் முணுமுணுத்ததும் அவர்கள்தான். பொறுமையாக உட்கார்ந்து கேட்பது நாம் இறக்குமதி செய்ய வேண்டிய பழக்கமில்லை. நம் வீட்டிலேயே இருந்ததை எங்கோ மறந்து வைத்துவிட்டோம். அவ்வளவுதான்.

நாம் செய்யக்கூடியது என்ன?

* அடுத்த கல்யாணத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய், நாதஸ்வரக் குழுவுக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள். நாலு பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே வாசிப்பின் தரம் மாறும்.

* உங்கள் வீட்டு விசேஷமா? வரவேற்பில் முக்கால் மணி நேரம் நாதஸ்வரக் கச்சேரிக்கு என்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வேறு மைக், வேறு பாட்டு வேண்டாம். பேசிய தொகையை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

* பிள்ளைகளுக்கு ஆர்வமிருந்தால், திருச்சி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மூன்று ஆண்டுப் பயிற்சி உண்டு. மற்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர் அரசு இசைப்பள்ளியில் விசாரிக்கலாம்.

* ஸ்ரீரங்கம் போனால், சுவாமி புறப்பாட்டின்போது முன்னால் போகும் மேளத்தோடு ஒரு வீதியாவது சேர்ந்து நடங்கள். புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியை ஹெட்போனில் கேட்பதற்கும், தவில் அடி நெஞ்சில் விழக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரியும். அந்தக் கச்சேரிக்கு டிக்கெட்டும் கிடையாது, விசாவும் தேவையில்லை!