50 ஆண்டு பாடிய குரல்

மிரெல்லா ஃப்ரேனி என்ற இத்தாலியப் பாடகி 1955இல், 20 வயதில், தன் சொந்த ஊரான மோடெனாவில் முதல்முறை மேடையேறினார். கடைசியாக ஒரு முழு நாடகத்தில் பாடியது 2005இல், வாஷிங்டனில். அப்போது அவருக்கு வயது 70. ஏற்ற வேடமோ, 19 வயதில் உயிரிழந்த ஜோன் ஆஃப் ஆர்க். ஒரு குரல் இத்தனை காலம் எப்படித் தாங்கியது? பாட்டு கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்கும் உரியது.

முதலில், அவர் பாடியது என்ன? ஓபரா (கதையைப் பாட்டாலேயே நடத்திச்செல்லும் மேடை நாடகம்). இதில் பாடகர்கள் பெரும்பாலும் மைக் வைத்துக்கொள்வதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். முன்னால் பெரிய வாத்தியக்குழு முழங்க, அதைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேரவேண்டும்.

அப்படியானால் கத்தித்தானே பாடவேண்டும்? இல்லை. கத்தினால் குரல் கெடும். தொண்டைக்குள் குரல் நாண்கள் (ஒலி எழுப்பும் இரண்டு சிறு தசை மடிப்புகள்) இருக்கின்றன. சோப்ரானோ (பெண் குரல்களில் மேல் ஸ்தாயி வகை) பாடகி ஒருவர் தன் உச்ச ஸ்வரத்தைத் தொடும்போது அவை நொடிக்கு 1,000 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. மூச்சை அளந்து விட்டு, வாயும் தொண்டையும் சேர்ந்த வெளியை ஒலிக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டால், குறைந்த அழுத்தத்திலேயே குரல் தூரம் போகும். அதைப் பழகத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி.

ஃப்ரேனி சிறுமியாக இருந்தபோதே வானொலிப் போட்டியில் பெரியவர்களுக்கான பாட்டைப் பாடினார். அதைக் கேட்ட புகழ்பெற்ற பாடகர் பெனியாமினோ ஜிலி பாராட்டினார். கூடவே, இப்போதே இப்படிப் பாடினால் குரல் பாழாகிவிடும், வளர்ந்தபின் தொடரட்டும் என்றும் சொன்னார். பாராட்டைவிட அந்த எச்சரிக்கைதான் பெரிய கொடை என்பேன். அந்தச் சிறுமி அதைக் கேட்டு நடந்தாள்.

பிறகும் அப்படியே. 1960களின் தொடக்கத்தில் மோட்சார்ட் நாடகங்களின் இலகுவான வேடங்கள், புச்சினியின் லா போஹெம் நாடகத்தில் மிமி. டெஸ்டமோனா வேடம் 1970இல், அயீடா வேடம் 1979இல். கனமான வேடங்களுக்கு அவர் படிப்படியாகத்தான் போனார். வாத்தியக்குழு நடத்துநர் காராயான் அன்று ஐரோப்பிய இசையுலகில் பெரும் செல்வாக்குள்ளவர். டூராண்டோட் என்ற மிகக் கனமான வேடத்தைப் பாடும்படி அவர் கேட்டபோதுகூட ஃப்ரேனி மறுத்துவிட்டார். மேடம் பட்டர்ஃபிளை வேடத்தை ஒலிப்பதிவிலும் திரைப்படத்திலும் பாடினார். மேடையில் முழுதாகப் பாடவே இல்லை. ஏன் இந்த வேறுபாடு? பதிவுக்கூடத்தில் பகுதி பகுதியாக, இடையில் ஓய்வெடுத்துப் பாடலாம். மேடையில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் பாடி முடிக்கவேண்டும்.

மறுத்ததால் வாய்ப்பு போகவில்லையா? சில போயிருக்கும். ஆனால் 1996இல், லா போஹெம் நாடகத்தின் நூற்றாண்டு விழாவில், டூரின் நகரில் இளம்பெண் மிமியாக அவரே பாடினார், 60 வயதில். உடன் பாடியவர் அவருடைய சிறுவயது நண்பரான பாடகர் பவரோட்டி.

இத்தனை கற்ற பாடகருக்கும் குரு எதற்கு என்று தோன்றலாம். நம் குரலை நாம் காதால் மட்டும் கேட்பதில்லை, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறோம். பிறர் கேட்பது வேறு குரல். அதனால் உச்சத்தில் இருப்பவருக்கும் வெளியிலிருந்து ஒரு காது வேண்டும். பிறருக்கு அப்படி ஒரு காதாக, ஃப்ரேனியும் அவருடைய கணவரும் பாடகருமான நிகோலாய் கியாவ்ரோவும் 2002இல் மோடெனா அருகே விக்னோலாவில் இளம் பாடகர்களுக்காகப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். 2004இல் கணவர் இறந்தபின்னும் அவர் கற்பிப்பதை விடவில்லை. 2020இல் மோடெனாவிலேயே காலமானார்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். எந்த வகைப் பாட்டானாலும் குரல் நாண்கள் ஒன்றுதான்.

பிள்ளைக்குச் சுருதி உயரமாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்து நரம்பு புடைக்கிறதா, தாடை தூக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் சுருதியைக் குறைக்கச் சொல்லி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். போட்டியில் கைதட்டல் வாங்கும் உச்ச ஸ்தாயிப் பாட்டு இன்னும் நான்கு வருடம் காத்திருக்கட்டும்.

பையனுக்குக் குரல் உடையும் வயதா? அந்த மாதங்களில் குரல் நாண்கள் வேகமாக நீள்கின்றன. பாட்டை நிறுத்தவேண்டியதில்லை. வலியில்லாமல் வரும் ஸ்வரங்களுக்குள் கொஞ்ச நேரம் பாடினால் போதும். பழைய உயரத்தைத் தேடி அழுத்தவேண்டாம்.

நாண்கள் வீங்கியிருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். தெரிந்த ஒரு வரியை மேல் ஸ்தாயியில் மிக மென்மையாகப் பாடச் சொல்லுங்கள். நேற்று வந்தது இன்று காற்றாகவோ, தொடக்கத்தில் தடுக்கியோ வந்தால் அன்று ஓய்வு. பலமாகப் பாடினால் இந்தக் குறை மறைந்துவிடும், அதனால் மென்மையாகப் பாடுவதுதான் சரியான சோதனை.

சளி, இருமல் இருக்கும்போது நிகழ்ச்சியை விட்டுவிடலாமா? குரல் கம்மியிருந்தால் விடுங்கள். மூன்று வாரத்துக்கு மேலும் கரகரப்பு தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நாண்களில் சிறு தடிப்பு (ஓயாத உராய்வால் வரும் காய்ப்பு) இருக்கிறதா என்று குழாய்க் கருவியால் பார்த்துச் சொல்வார். ஆரம்பத்தில் தெரிந்தால் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியுமே போதும், அறுவை தேவைப்படாது.